கட்டைவிரலுக்கு ஒரு துளை

செஞ்சிக் குன்றுகளை ஒட்டிய கொல்லைகளில் மல்லாட்டை காய் பிடிக்கத் தொடங்கும்போதே காட்டுப்பன்றிக் கவலையும் தொடங்கிவிடும். அனந்தபுரம் பக்கத்து விவசாயி அதற்குத் தகரம் தட்டுவார், பழைய புடவைகளை வேலியாகக் கட்டுவார், டார்ச் லைட்டோடு விடிய விடியக் காவல் இருப்பார். எய்யவோ சுடவோ முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘ஆயுதம்’ என்று எதையெல்லாம் சொல்கிறதோ, அந்தப் பட்டியலில் துப்பாக்கி, வெடி, வலை, கண்ணி, விஷம், கத்தி ஆகியவற்றோடு வில்லும் அம்பும் இருக்கின்றன. 2025 ஜனவரியில் தமிழக அரசு கொஞ்சம் இறங்கி வந்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரில் இறங்கும் பன்றியைச் சுடலாம் என்றது. ஆனால் சுட வேண்டியவர்கள் வனத்துறையினர். கொல்லைக்காரர் தகவல் மட்டும் சொல்லலாம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. டெக்சாஸ் மாநிலத்தில் பன்றிகள் பெருகி விளைநிலத்தை உழுது போடுகின்றன; அங்கே கடைக்குப் போய் ஒரு குறுக்குவில்லை (கிராஸ்போ) வாங்கி வந்து எய்துவிட முடிகிறது. அந்தக் கடைகளில் ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. வில்லின் பின்பகுதி, சுடுபவர்கள் ‘ஸ்டாக்’ என்று சொல்லும் அந்தத் தோள்கட்டை, எந்த வடிவத்தில் இருக்க வேண்டும்? பழைய வேட்டைத் துப்பாக்கிபோல நேராகப் பின்னால் நீண்டு மெல்லச் சரிவதா, நடுவில் பெரிய ஓட்டை போட்டு அதற்குள் கட்டைவிரலை நுழைத்துப் பிடிக்கும் ‘தம்ப்ஹோல்’ வகையா? பார்த்தால் அழகு பற்றிய சண்டை மாதிரித் தெரியும். உண்மையில் அது மணிக்கட்டு பற்றிய சண்டை.

பழைய வடிவத்தில் கை மரத்தின் மேல் படிகிறது. கட்டைவிரல் மேலாகச் சுற்றி மறுபுறம் இறங்கும், மணிக்கட்டு முன்னோக்கி வளையும். ஓடும் விலங்கை நோக்கிச் சட்டென்று தோளுக்குக் கொண்டுபோக இந்தப் பிடி வசதி. தம்ப்ஹோலில் கை ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிற்கிறது, கைகுலுக்க நீட்டிய கைபோல. மணிக்கட்டில் முறுக்கு இல்லை. விசையை இழுக்கும் ஆள்காட்டி விரல் நேர் பின்னோக்கி நகர்கிறது, பக்கவாட்டில் இழுத்துக் குறியைக் கெடுப்பது குறைகிறது. நிதானமாக உட்கார்ந்து, மூச்சை அடக்கி, நீண்ட நேரம் குறிபார்ப்பவருக்கு இதுதான் தோது.

குறுக்குவில்லுக்கு வரும்போது இந்தக் கணக்கில் சில திருப்பங்கள் சேர்கின்றன. அதன் எடை முழுக்க முன்னால்தான். வில்லின் இரு கைகளும், அவற்றைத் தாங்கும் நடுத்துண்டும், காலை நுழைத்து நாணை இழுக்கும் வளையமும் மூக்கில் கிடக்கின்றன. முன்னால் தொங்க விரும்பும் அந்தப் பாரத்தைப் பின்கை இறுக்கித் தோளோடு சேர்த்தாக வேண்டும். ஓட்டைக்குள் விரல் போனால் பிடி வலுக்கிறது, இது தம்ப்ஹோலுக்கு ஒரு மதிப்பெண். ஒருமுறை எய்தால் மறுபடி நாணேற்ற நேரம் பிடிக்கும், ஆகவே முதல் அம்பே கடைசி அம்பு என்ற நிலை. அதுவும் நிதானக் குறிக்குச் சாதகம்.

இனி எதிர்க்கணக்கு. பல குறுக்குவில்களில் பாதுகாப்புப் பொத்தான் விசைப்பெட்டியின் மேலே, கட்டைவிரல் தொடும் இடத்தில் இருக்கிறது. விரல் ஓட்டைக்குள் மாட்டியிருந்தால் அதை வெளியே எடுத்து, பொத்தானைத் தள்ளி, மறுபடி நுழைக்க வேண்டும். பனிக்காலத்துத் தடித்த கையுறை போட்டவருக்கு அந்த ஓட்டை இன்னும் சிறிதாகிவிடும்.

இடக்கைக்காரர் விஷயம் இதைவிட முக்கியம். துப்பாக்கியில் தோட்டா ஏற்றும் கைப்பிடியும் கூடு வெளியேறும் வழியும் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும். இடக்கைக்காரர் அதோடு ஆயுள் முழுக்கப் போராட வேண்டியதுதான். குறுக்குவில்லுக்கு அந்தக் கோளாறே கிடையாது. நடுக்கோட்டில் நாண், நடுக்கோட்டில் அம்பு, இரு புறமும் சமம். அப்படிப்பட்ட கருவியில் வலது உள்ளங்கைக்கு மட்டும் புடைப்பு வைத்துச் செதுக்கிய தம்ப்ஹோலை மாட்டினால், இயல்பாகவே இருகைக்கும் பொதுவாகப் பிறந்த ஒன்றை ஒருகைக்காரனாக்கிவிடுகிறோம். இந்தப் பத்தியாளரின் ஓட்டு, குறுக்குவில்லைப் பொறுத்தவரை, இருபுறமும் ஒத்த பழைய கட்டைக்கே.

கட்டைவிரல் விவகாரத்தில் கடைக்காரர்கள் வடிவத்தைவிட அதிகம் பேச வேண்டியது முன்கையைப் பற்றி. நாண் ஓடும் தடத்துக்கு மேலே முன்கையின் கட்டைவிரல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது விசையை இழுத்தால், விநாடிக்கு 300, 400 அடி வேகத்தில் அம்பைத் தள்ளும் நாண் அந்த விரலை விட்டுவைக்காது. பின்கை எந்த ஓட்டைக்குள் போகிறது என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள், முன்கையைத் தடத்துக்குக் கீழே நிறுத்திவைக்கும் தடுப்பு இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

ஐரோப்பாவின் நடுக்காலக் குறுக்குவில்லில் தோள்கட்டையே கிடையாது. நேரான மரத்துண்டு, அவ்வளவுதான். அதைத் தோளுக்கு மேலாகவோ கன்னத்தை ஒட்டியோ வைத்துக்கொண்டு எய்தார்கள். அம்பு புறப்படும்போது பின்னுதைப்பு பெரிதாக இல்லாததால் தோளில் முட்டுக்கொடுக்க அவசியம் வரவில்லை. வெடிமருந்து வந்து உதைக்கத் தொடங்கிய பிறகுதான் கட்டையைத் தோளில் அழுத்திப் பிடிக்கும் பழக்கம் வளர்ந்தது. பிறகு அந்தத் துப்பாக்கிக் கட்டையைக் குறுக்குவில் கடன் வாங்கிக்கொண்டது. இன்றைய வேட்டைக் குறுக்குவில் பார்வைக்குத் துப்பாக்கி மாதிரி இருப்பதற்கு இதுவே காரணம்.

நம் பக்கத்துக் கதை வேறு தடத்தில் போனது. சிலப்பதிகாரத்து மதுரையின் மதில் காவல் பொறிகளில் தானே வளைந்து எய்யும் விற்பொறி ஒன்றும் சொல்லப்படுகிறது. மதிலில் பொருத்திய எந்திரத்துக்குத் தோளும் கிடையாது, மணிக்கட்டும் கிடையாது. செங்கம் பகுதி நடுகற்களில் நிற்கும் வீரர்கள் கையில் இருப்பதோ சாதாரண வில். குறுக்குவில் தமிழ்ச் சமவெளியின் கைக்கருவியாக வேர்விடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் அது பிழைத்திருந்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்திய ஊதுகுழல்கள், வளரிகள், குறுக்குவில்கள் மூன்றையும் சேர்த்து 1924இல் லண்டன் மானிடவியல் இதழ் ஒன்றில் நீண்ட கட்டுரை எழுதினார். மீன்துறை அதிகாரிக்கு வில்லில் என்ன வேலை என்று கேட்கலாம். மலபார் பக்கம் குறுக்குவில்லால் மீனை எய்து பிடித்தார்கள், அதுதான் காரணம்.

கேரளத்தில் அந்த வழக்கம் ‘தெற்றாலி’ என்ற பெயரில் இன்றைக்கும் உயிரோடிருக்கிறது. இப்போது அதற்கு உந்துசக்தி இழுபடும் ரப்பர் பட்டை; எய்வது முள்வைத்த கம்பி அம்பு, அதன் வாலில் நைலான் நூல். கட்டையைத் துப்பாக்கி வடிவில் மரத்தில் செதுக்குகிறார்கள். கரையில் நின்று நீர் மட்டத்துக்குக் கீழே, ஒளிவிலகலால் இருக்கும் இடத்தைவிட மேலே தெரியும் மீனை, சில நொடிகளுக்குள் கணித்து எய்ய வேண்டும். மீன் காத்திருக்காது. பழைய வேட்டைக்கட்டைக்குச் சொன்ன அதே காரணம் இங்கேயும் பொருந்துகிறது: எதற்கு அவசரம் அதிகமோ அதற்கு விரலை எங்கும் நுழைக்காத பிடி.

துப்பாக்கிக் கட்டைகளிலும் தென்னாட்டுக்குத் தனிக் கை உண்டு. திரியால் மருந்தைப் பற்றவைக்கும் வட இந்தியத் திரித்துப்பாக்கியின் பின்கட்டை மெலிந்து நேராக நீளும். மலபார்த் துப்பாக்கியின் கட்டை குட்டையாக வளைந்திருக்கும். இலங்கையில் செய்தவற்றில் அது கீழ்நோக்கிச் சுருண்டு, நுனியில் இரு சுருளாகப் பிளந்து நிற்கும், வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும். 1543இல் போர்த்துகீசியர் ஜப்பானின் தனேகஷிமா தீவில் இறங்கியபோது கொண்டுபோன துப்பாக்கியும் தோளில் பதியாமல் கன்னத்தை ஒட்டிப் பிடிக்கும் குட்டைக் கட்டை வகைதான். ஜப்பானியர் அந்த வடிவத்தை ஏறக்குறைய 300 ஆண்டுகள் மாற்றவே இல்லை.

தோளில் பதியாத கட்டை, தோளில் பதியும் கட்டை என்ற இரு உலகங்களையும் செஞ்சிக் கோட்டை பார்த்திருக்கிறது. 1690 தொடங்கி 1698 வரை முகலாயப் படை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் சூழ்ந்து கிடந்த காலத்தில் இந்தியப் படைவீரர் கையில் இருந்த துப்பாக்கி என்றால் திரித்துப்பாக்கிதான். 1750 செப்டம்பரில் தளபதி புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தபோது அவர்கள் தோளில் இருந்தது சிக்கிமுக்கிக் கல் பொறி தெறிக்கும் மஸ்கெட், அகன்ற தோள்கட்டையோடு. கோட்டை விழுந்ததற்குக் கட்டையின் வடிவம் காரணம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். வேகமும் இருட்டும் ஒழுங்கும் செய்த வேலை அது. ஆனால் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடப் பழக்கிய படைக்குத் தோளில் ஒரே மாதிரிப் பதியும் கட்டை தேவைப்பட்டது என்பது உண்மை. 2025 ஜூலையில் செஞ்சி, ‘மராத்தியர் இராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தொகுப்பின் 12 கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தொகுப்பில் தமிழகத்தின் ஒரே கோட்டை இதுதான். மலையேறிப் பார்க்க வருகிறவர்களுக்குக் களஞ்சியமும் கல்யாண மகாலும் காட்டப்படுகின்றன. அங்கே நின்ற சிப்பாய் எதைக் கையில் பிடித்திருந்தான் என்பதையும் கீழே ஓர் அறையில் காட்டினால் நன்றாக இருக்கும்.

சட்டத்துக்கும் இந்தக் கட்டைவிரல் துளையோடு ஒரு விளையாட்டு உண்டு. 1989இல் அமெரிக்கா சில அரைத் தானியங்கி ரகத் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தது. தனியாகத் தொங்கும் பிஸ்டல் பிடி ஆகாத அம்சங்களில் ஒன்று. சீனத்து நோரின்கோ நிறுவனம் அந்தப் பிடியை எடுத்துவிட்டு, தம்ப்ஹோல் கட்டையை மாட்டி ‘மேக்-90’ என்று அனுப்பியது. சுடுபவன் கைக்கு ஏறக்குறைய அதே பிடி, காகிதத்தில் வேறு பொருள். பின்னாளில் கலிஃபோர்னியா தன் சட்டத்தில் தம்ப்ஹோலையும் பெயர் சொல்லியே சேர்த்தது. இந்தியச் சட்டத்துக்கு அந்தக் கவலை வரவில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைச் சொல்கிறது, தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் வேண்டும் என்று அளக்கிறது. பின்னால் இருக்கும் மரத்தை அந்தப் பிரிவு அளப்பதில்லை.

அப்படியானால் தமிழ்நாட்டில் கட்டையின் வடிவம் பற்றிய இந்தக் கேள்வி யாருக்காவது நிஜமாகவே தேவைப்படுகிறதா? தேவைப்படுகிறது, துப்பாக்கி சுடும் விளையாட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு. செஞ்சிக்குப் பக்கத்து மாவட்டமான கடலூரில் 1999இல் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் 2019இல் ரியோ உலகக் கோப்பைத் தங்கத்தையும், 2025இல் கஜகஸ்தானின் ஷிம்கென்ட்டில் ஆசியப் பட்டத்தையும் வென்றவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே பிரிவில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் பிறந்தது சென்னையில். இவர்கள் நின்றபடி குறிவைக்கும் பத்துக்குப் பத்து என்ற புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். ரைஃபிளின் எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது.

அந்த ரைஃபிளில் தம்ப்ஹோல் கூடாது என்று சர்வதேச விதி தடுக்கிறது. கட்டைவிரலைத் தாங்கும் மேடையும் கூடாது, உள்ளங்கைத் தாங்கியும் கூடாது. நெட்டுக்குத்தான பிஸ்டல் பிடி உண்டு, ஏற்றி இறக்கும் கன்னத்துண்டும் உண்டு, ஆனால் கை எதற்குள்ளும் பூட்டிக்கொள்ளக் கூடாது. ஆண்களின் 50 மீட்டர் பிரிவில் நெடுங்காலம் தாராளம் இருந்தது. அங்கே 8 கிலோ வரை எடையும், விரல் நுழைக்கும் துளையும், கொக்கிபோல் அக்குளைப் பிடிக்கும் பின்தகடும் பழக்கமானவை. தம்ப்ஹோல் உதவுகிறதா என்று அமெரிக்கக் கடைகளில் இன்னும் வாதாடுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. உதவாத ஒன்றை யாரும் மெனக்கெட்டுத் தடுப்பதில்லை. அது அசையாமல் நிற்க உதவுகிறது. அசையாமல் நிற்பதையே சோதிக்கும் போட்டியில் அந்த உதவியை விலக்கிவிட்டார்கள்.

4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மிகாத குழல்முனை ஆற்றல் என்ற எல்லைக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி உரிமம் தேவையில்லை. போட்டி ரைஃபிள்கள் ஏறக்குறைய 7.5 ஜூலில் நிற்பவை. ஆகவே செஞ்சியிலோ அனந்தபுரத்திலோ ஒரு பெற்றோர் பிள்ளைக்கு இதை வாங்க நினைத்தால் தடை பணம்தான். இன்னொரு எச்சரிக்கை: உரிமம் வேண்டாம் என்பதால் கொக்கையும் காடையையும் குறிவைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. முதல் பத்தியில் சொன்ன 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஏர் ரைஃபிளும் ஆயுதமே.

வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, பின்தகட்டிலிருந்து விசை வரையுள்ள நீளம் பிள்ளையின் கைக்குச் சரிவருமா, வளர வளரக் கூட்ட முடியுமா என்பது. பெரியவருக்குச் செய்த கட்டையைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை பிடித்தால் முதுகை வளைத்து, கழுத்தை நீட்டி, தப்பான நிலையை மாதக்கணக்கில் உடம்பில் ஏற்றிக்கொள்ளும்; அதை இறக்கப் பயிற்சியாளருக்கு அதைவிட அதிக மாதம் ஆகும். அடுத்தது கன்னத்துண்டின் உயரம். முகத்தைத் தளர்த்தி வைத்த இடத்திலேயே கண் குறிவளையத்துக்கு நேராக வர வேண்டும், கண்ணைத் தேடிக் கழுத்து போகக் கூடாது. பிடி மூன்றாவது: ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷுட்ஸ் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனியாகச் செய்கின்றன. பிள்ளை இடக்கைக்காரர் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் கையாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை வலக்கைப் பிடியோடு வருபவை. பிடியை மட்டும் தனியாக வரவழைக்கலாம், ஆனால் அதற்கும் சேர்த்து விலை பேசிவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.