'எல்' எண்டால் லேடீஸாம்

கோல்ஃபில் முதல் அடியைத் தூரமாக அடிக்கிற நீள மட்டைக்குப் பேர் டிரைவர். அதின்ர தண்டில் ஒரு எழுத்து இருக்கும்: எக்ஸ், எஸ், ஆர், ஏ, எல். தண்டு எவ்வளவு வளையும் எண்ட கணக்கு அது. எக்ஸ் ஆக விறைப்பு, எல் ஆக இளக்கம். எல் எண்டால் லேடீஸ். என்ர பிரச்சினை இந்தக் கடைசி எழுத்தோடதான்.

வீசத் தொடங்கும்போது மட்டையின் தலை பின்தங்கி, தண்டு பின்பக்கம் வளையும். பந்தில் படுற நேரம் தலை கையை முந்தி, தண்டு முன்பக்கம் வளைஞ்சிருக்கும். அப்போ மட்டையின் முகம் கொஞ்சம் மேல்நோக்கிச் சாயும், பந்து உயரும். அதனால் ஒரே ஆள் அடிச்சாலும் இளகின தண்டு பொதுவாகப் பந்தை உயர்த்தும், விறைச்சது தாழ்த்தும். தண்டு சவுக்குப்போல பந்தைச் சுண்டி எறியும் எண்டுறது வெறும் கதை. பந்து முகத்தில் ஒட்டியிருக்கிறது ஒரு செக்கனில் 2000இல் ஒரு பங்கு அளவுதான். தூரத்தைத் தருவது தலையின் வேகமும், பந்து முகத்தின்ர நடுவில் படுறதும்.

இதில் ஆணென்ன, பெண்ணென்ன?

பகிடி என்னெண்டால், இந்த எழுத்துகளுக்குப் பொது அளவுகோலே இல்லை. ஒரு கம்பனியின் ஆர் இன்னொரு கம்பனியின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். அளவு நிச்சயமில்லை, பாலினம் மட்டும் நிச்சயம்! வேகமாக வீசுற பெண்ணுக்கு 'எல்'லை நீட்டினால் பந்து தேவைக்கு மேல எழும்பித் தூரம் குறையலாம். மெதுவாக வீசுற ஆணோ, 'எல்' வாங்க வெட்கப்பட்டு விறைச்ச தண்டோட மல்லுக்கட்டுவார். வேகத்தை அளந்து, எண்ணாலேயே பேர் வைக்கலாமே. 'ப்ராஜெக்ட் எக்ஸ்' தண்டுகளில் 5.5, 6.0 எண்டு எண்கள்தானே இருக்கு.