அறிமுகம் செய்தவனே ஜாமீன்



நமது தொழிலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. புதிய கடைக்காரர் ஒருவர் முதன்முதலாக மொத்தக் கடைக்கு வரும்போது, தெரிந்தவர் ஒருவர் கூட வருவார். "நம்ம ஆள்தான், சரக்குக் கொடுங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையை நம்பி இருபது மூட்டை துவரம்பருப்பு கடனுக்குப் போகும். தவணை தவறினால், நாம் முதலில் ஆள் அனுப்புவது அறிமுகம் செய்தவர் வீட்டுக்குத்தான். அது எழுதாத பத்திரம்.

இதை இப்போது நினைவூட்டக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் தினமும் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டு போகும் கடை ஒன்று செல்போனுக்குள் இருக்கிறது. பலர் சேர்ந்து போட்டி போட்டு ஆடும் இலவச விளையாட்டுகளைத்தான் சொல்கிறோம்.

மதுரை கீழமாசி வீதியில் நமது கடைக்கு இருபது வருடமாகச் சரக்கு எடுக்க வரும் சில்லறை வியாபாரி ஒருவர் சென்ற வருடம் ஒரு காலையில் வந்தார். "அண்ணாச்சி, உங்க பேரன்தான் எம் பையனுக்கு இந்த விளையாட்டைப் பழக்கிவிட்டானாம்" என்றார். கடை வசூல் வரும் போனிலிருந்து மூன்று வாரத்தில் 4,300 ரூபாய் போயிருந்தது. விளையாட்டில் வரும் பொம்மை ஆளுக்கு உடுப்பும், துப்பாக்கிக்குப் பூச்சும் வாங்கியிருக்கிறான் பையன். வசூல் பார்ப்பவன் அவனே என்பதால் ரகசிய எண்ணும் அவனிடம்தான் இருந்தது. அவர் நம்மிடம் பணம் கேட்கவில்லை. ஆனால் டீ குடிக்காமல் போய்விட்டார். இருபது வருடத்தில் அன்றுதான் அப்படிப் போனார். அடுத்த இரண்டு வாரம் அவரிடமிருந்து சரக்குச் சிட்டையும் வரவில்லை.

பேரனை உட்கார வைத்து விசாரித்தோம். அது எந்த விளையாட்டு என்பது முக்கியமில்லை. இந்த வகை எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சுதான். நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த பிஜிஎம்ஐ என்பதை எடுத்துக்கொள்வோம். 100 பேர் விமானத்திலிருந்து பாராசூட்டில் ஒரு தீவில் குதிக்கிறார்கள். நாலு பேர் ஒரு அணியாகச் சேரலாம். நேரம் போகப் போக ஆடும் வட்டம் சுருங்கும். கடைசிவரை தாக்குப்பிடிப்பவர்களுக்கு வெற்றி. ஓர் ஆட்டம் சுமார் அரை மணி நேரம்.

நமது பேரன் இந்த ஆட்டங்களில் கெட்டிக்காரன். நண்பனை முதல் நாளே தன் தரத்து ஆட்டத்துக்குள் இழுத்துப் போயிருக்கிறான். எதிரே வந்தவர்கள் எல்லாரும் பழம்தின்று கொட்டை போட்டவர்கள். நண்பன் இரண்டு நிமிடத்தில் வெளியே. மீதி நேரம் வேடிக்கை பார்த்ததோடு, மற்ற இரண்டு பேரிடம் வசவும் வாங்கினான். "புது ஆளுன்னு தெரியக்கூடாதுன்னுதான் தாத்தா அவன் உடுப்பு வாங்கினான்" என்றான் பேரன். அந்த உடுப்பால் ஒரு குண்டுகூடக் கூடுதலாகப் பாயாது. அவமானத்தை மறைக்கத்தான் 4,300 ரூபாய் போயிருக்கிறது.

இதில் உள்ள வியாபாரத்தை நாம் கவனிக்க வேண்டும். பிஜிஎம்ஐக்கு மூலமான பப்ஜி 2017-ல் கணினியில் காசுக்கு விற்ற சரக்கு. நன்றாகவே விற்றது. ஆனாலும் 2018-ல் செல்போனுக்கு வந்தபோது இலவசமாக வந்தது. 2022 ஜனவரியில் கணினியிலும் இலவசமாக்கிவிட்டார்கள். விற்கும் சரக்கை ஒருவர் ஏன் சும்மா கொடுக்கிறார்? ஓர் ஆட்டத்துக்கே 100 பேர் வேண்டும். கூட்டம் இல்லாத சந்தையில் யார் கடை போடுவார்? காசு கொடுக்காமல் ஆடுகிறவன் ஓசிக்காரன் இல்லை. காசு கொடுத்தவன் தன் உடுப்பைக் காட்டிக்கொள்ள அவன்தான் கூட்டம். ஆகவே நண்பனை அழைத்து வருகிறவன் கமிஷன் வாங்காத ஏஜெண்ட். ஃபோர்ட்நைட் என்ற அமெரிக்க விளையாட்டு, நண்பரைக் கூட்டி வந்தால் பரிசு உடுப்பு என்று 2021-ல் ஒரு திட்டமே நடத்தியது.

வருகிறவனை நிறுத்திவைக்கவும் வழி இருக்கிறது. புதியவர்களின் ஆட்டங்களில் கணினியே இயக்கும் ஆட்களைக் கலக்கப்போவதாக அதே ஃபோர்ட்நைட் 2019-ல் அறிவித்தது. கற்றுக்கொள்கிறவனுக்கு அது நல்லதே. ஆனால் சுலபமாகக் கிடைக்கும் முதல் வெற்றிகளை நாம் சாம்பிள் சரக்காகத்தான் பார்க்க வேண்டும். சாம்பிளை வைத்து லாரி லோடுக்கு விலை பேசுகிறவன் வியாபாரி ஆகமாட்டான்.

பணம் போகும் வாசலும் அப்படித்தான். வாங்க விரும்பாதவர்களையும் குழப்பமான பொத்தான்களால் வாங்க வைத்தது என்ற புகாரில், ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனம் 24.5 கோடி டாலர் திருப்பிக் கொடுக்க 2022 டிசம்பரில் அமெரிக்க வணிக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் பிஜிஎம்ஐ வந்தபோது, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம், 7,000 ரூபாய் என்று 2021-ல் வரம்பு சொன்னார்கள். ஒரு நாளைக்கு 7,000 ரூபாய்! நம்மில் எத்தனை மளிகைக் கடைகளில் செலவு போக அவ்வளவு மிஞ்சுகிறது?

"தடை செய்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று சங்கக் கூட்டங்களில் சிலர் சொல்கிறார்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்தார்கள். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் மறுபடி நிறுத்தினார்கள். 2023 மே மாதம் திரும்பி வந்தது. அதுவரை பிள்ளைகள் காத்திருக்கவும் இல்லை. வேறு விளையாட்டுக்குப் போனார்கள். மேலும், இது ரம்மி போல் பணம் வைத்து ஆடும் ஆட்டமும் அல்ல. அவற்றை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் போட்டுத் திட்டினால், பிள்ளைகள் நம் பேச்சையே கேட்கமாட்டார்கள். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து நாமும் நாலு ஆட்டம் பார்த்தோம். நாலு பேர் பேசிவைத்து ஒரு காரியம் செய்வதில் இருக்கும் சந்தோஷம் பொய்யில்லை.

ஆகவே தடையை நம்பாமல் ஜாமீனை நம்பலாம் என்பது நமது கருத்து. நண்பனை அழைத்துப் போகிறவன் அவனுக்குப் பொறுப்பு. முதலில் பயிற்சி மைதானத்திலும், தரவரிசை இல்லாத ஆட்டங்களிலும் கூட நின்று பழக்கட்டும். அதற்காகத் தான் வேறு பெயரில் புதுக் கணக்குத் தொடங்கி, கற்றுக்குட்டிகளை வேட்டையாடக் கூடாது. அது கலப்படம். பணம் கேட்கும் இடம் எது, அங்கே வாங்காவிட்டாலும் ஆடலாமா என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நண்பனுக்குப் பிடிக்கவில்லை என்றால் கேலி பேசாமல் விட்டுவிட வேண்டும். நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியது ஒன்று. கடை வசூல் வரும் போன் கல்லாவுக்குச் சமம். கல்லாவை யாரும் விளையாடக் கொடுப்பதில்லை.

பேரனை அழைத்துக்கொண்டு அந்த வியாபாரியின் கடைக்கு நாமே போனோம். 4,300 ரூபாயை அவர் கணக்கில் வரவு வைப்பதாகச் சொன்னோம். "பாதி போதும் அண்ணாச்சி, கை வச்சது எம் பையன்தானே" என்றார். அந்த 2,150 ரூபாய்க்கு நமது பேரன் விடுமுறையில் கடையில் உட்கார்ந்து சிட்டை எழுதிக் கழித்தான். இப்போதும் இருவரும் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் சேர்ந்து ஆடுகிறார்கள். அவர் சரக்குச் சிட்டையும் பழையபடி வருகிறது. டீயும் குடிக்கிறார்.

உங்கள் வீட்டுப் பிள்ளையை இந்த விளையாட்டுக்குக் கூட்டிப் போனது யார், அவன் யாரைக் கூட்டிப் போகிறான் என்று இன்றிரவு கடை அடைத்ததும் ஒரு வார்த்தை கேளுங்கள். கோபிக்காமல் கேளுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம்.