கடலைக் காணக் கற்போம்

விடுப்புப் பயணச் சலுகையில் ஊர் சென்று மீளும் தில்லித் தமிழ்க் குடும்பங்கள், கன்னியாகுமரியிலும் இராமேசுவரத்திலும் எடுத்த படங்களை வீட்டுக்கு வீடு காட்டி மகிழ்வது வழக்கம். அவற்றில் பிள்ளைகள் உண்டு. பட்டுப் புடைவை உண்டு. கறுப்புக் கண்ணாடி உண்டு. கடல் மட்டும் இல்லை. நாடகக் கொட்டகையின் பின்திரை போல, அது முதுகுக்குப் பின்னே தொங்கிக் கொண்டிருக்கிறது. ஐந்திணையுள் ஒன்றைக் கடற்கரைக்கென்றே வகுத்த இனத்தாரின் பார்வை இவ்வளவுதானா?

நல்ல ஒளிப்படங்களைச் சென்று காணுங்கள் என்றால், நம்மவரிடமிருந்து மூன்று மறுப்புகள் எழுகின்றன.

படம் எடுப்பது கருவிதானே, கற்பதற்கு என்ன இருக்கிறது என்பது முதல் மறுப்பு. பிரெஞ்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857 ஆம் ஆண்டுகளில் கடலைப் படம் பிடித்தார். அந்நாளையக் கண்ணாடித் தகடு நீல ஒளியை மிகையாக ஏற்கும். கடலுக்கேற்ப ஒளி கொடுத்தால் வானம் வெளுத்துப் போகும். வானுக்கேற்பக் கொடுத்தால் கடல் இருண்டு போகும். கருவி கைவிட்ட இடத்தில் அவர் மனம் வேலை செய்தது. பல படங்களில் வானுக்கொன்றும் கடலுக்கொன்றுமாக இரு தகடுகளைத் தொடுவானக் கோட்டில் இணைத்து அச்சிட்டார். இதனைக் கருவியின் செயல் என்று எவர் சொல்லுவர்?

பிறர் படத்தைப் பார்த்தால் தனித்தன்மை கெடும் என்பது இரண்டாவது. அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன், கலிபோர்னியாவின் பாயின்ட் லோபஸ் கரையை 1929 முதல் 1948 வரை படமாக்கினார். அவற்றுள் பலவற்றில் தொடுவானமே இராது. பாறையின் மடிப்பும் கரையொதுங்கிய கடற்பாசியுமே நிறைந்திருக்கும். சப்பானியரான ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் எடுத்த கடற்படங்களிலோ கரையில்லை, படகில்லை, பறவையில்லை; பாதி வானம், பாதி நீர், நடுவே ஒரு கோடு. இருவரையும் அருகருகே கண்டவன் எவருக்கும் அடிமையாகான். எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்று தானே எண்ணத் தொடங்குவான். நெய்தல் பாடிய புலவர் அனைவர்க்கும் புன்னையும் நாரையும் எற்பாடும் பொதுச் சொத்தே. அதனால் ஒருவர் பாட்டு மற்றவர் பாட்டின் நகலாகிவிட்டதா? நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். ஒளிப்படக் கலைஞனுக்கும் முதற்பாடம் அதுவே.

கைப்பேசியில் ஆயிரம் படம் வருகிறதே என்பது மூன்றாவது. வருகிறது, விரல் தள்ள, அந்நொடியே போய்விடுகிறது. சிறு காட்சிக்கூடத்தில் இருபது முப்பது படங்களே இருக்கும். நெருங்கி நின்றும் விலகி நின்றும், சுற்றி வந்து மறுமுறையும் பார்க்கலாம். சாம்பல் நிறத்தில் எத்தனை படிகள் உண்டென்பதை அச்சிட்ட தாள் காட்டுவது போல் உள்ளங்கைத் திரை காட்டாது. மண்டி ஹவுஸ் அருகே, தான்சேன் மார்க்கில் உள்ள திரிவேணி கலா சங்கமத்தில் சிறு கூடங்கள் உள்ளன. நுழைவுக் கட்டணம் இல்லை. நம் அலுவலகங்கள் பலவற்றிலிருந்து நடை தூரமே. இருந்தும் நம்மவரை அங்கே காண்பது அரிது.

இது பொழுதுபோக்குப் பற்றிய வாதம் அன்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையூர்களைச் சிதைத்தது. அதற்கு முன் அக்கரைகள் எவ்வாறிருந்தன என்று தில்லியில் பிறந்த பிள்ளை கேட்டால், நாம் எதைக் காட்டுவோம்? நம் ஆல்பங்களில் கரையை மறைத்துக்கொண்டு நாமே நிற்கிறோம்!

ஆகவே, மாதம் ஒரு ஞாயிறு பிள்ளைகளைக் காட்சிக்கூடத்துக்கு அழைத்துச் செல்வோம். ஒவ்வொரு படத்தின் முன்னும் மூன்று வினாக்கள் போதும்: ஒளி எங்கிருந்து வருகிறது? தொடுவானம் எங்கே நிற்கிறது? எது விலக்கப்பட்டிருக்கிறது? அடுத்த விடுப்பில் அப்பிள்ளைகள் கரையில் நிற்கும்போது, நம்மைச் சற்றே விலகி நிற்கச் சொல்வார்கள். அப்போது தயங்காது விலகி நிற்போம்.