பழகுநரும் தொழிலாளியே

பத்தாம் வகுப்பை முடித்த உழவர் வீட்டுப் பிள்ளையும் கூலித் தொழிலாளியின் மகனும் நாடெங்கும் நாடிச் செல்லும் படிப்புகளில் ஒன்று, ஐடிஐ-களில் கற்பிக்கப்படும் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு. இரண்டாண்டுகளில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும், பிரேக், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றைச் சீர்செய்யவும் மாணவர் கற்கிறார். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், சென்சாரும் ஸ்கேனரும் அறியாமல் புதிய வாகனத்தில் கைவைக்க இயலாது. பயிற்சிக் கூடத்தில் பழைய எஞ்சினை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கற்பிக்க முடியாது.

படிப்பை முடித்தவர் அடுத்து ஆலைக்குள் 'அப்ரண்டிஸ்' ஆக நுழைகிறார். மொழிபெயர்ப்பின்போது இச்சொல்லைத் 'தொழில் பழகுநர்' என்றே எழுதிவருகிறேன். பழகுதல் அழகிய சொல். செய்து செய்து கைவரப் பெறுதல் என்று பொருள். ஆனால், 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில் அச்சொல் உரிமையை மறைக்கும் திரையாகிவிடுகிறது. பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர். தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்கிறது 18ஆவது பிரிவு. அதே சட்டத்தின் 14, 16ஆவது பிரிவுகளோ, ஆலையில் பாதுகாப்புக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் அவரைத் தொழிலாளியாகவே கருதச் சொல்கின்றன. விரல் துண்டானால் தொழிலாளி. ஊதியம் கேட்டால் மாணவர்!

அரசு எவர் பக்கம் நிற்கிறது? சட்டத்தை மீறும் முதலாளிக்கு ஆறு மாதம் வரை இருந்த சிறைத்தண்டனையை 2014ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கி, அபராதத்தை மட்டும் விட்டுவைத்தது. 2016இல் தொடங்கிய தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டமோ, உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசே ஏற்க வழிசெய்தது. 2025இல் ஒப்புதல் பெற்ற 60,000 கோடி ரூபாய் ஐடிஐ மேம்பாட்டுத் திட்டத்தில் தொழில் நிறுவனங்களின் பங்கு 10,000 கோடி மட்டுமே. ஆயினும் நிலையங்களை வழிநடத்தும் பொறுப்பு அவற்றிடமே செல்கிறது.

"வேலையில்லாக் காலத்தில் பயிற்சியேனும் கிடைக்கிறதே" என்று சில தோழர்கள் கேட்கலாம். பயிற்சியை நாம் எதிர்க்கவில்லை; கூடுதலாகவே கேட்கிறோம். பயிற்சியின் பெயரால் நிரந்தரத் தொழிலாளியின் இடத்தில் மலிவான உழைப்பை அமர்த்துவதையே எதிர்க்கிறோம்.

நம் சங்கங்களுக்கும் இதில் பொறுப்புண்டு. 2011 அக்டோபரில் ஹரியானாவின் மானேசர் மாருதி ஆலையில், ஒப்பந்தத் தொழிலாளரை மீண்டும் பணியில் சேர்க்கக் கோரி நிரந்தரத் தொழிலாளர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர். அந்த ஒற்றுமை பழகுநரையும் அணைத்துக்கொள்ள வேண்டும். 18ஆவது பிரிவைத் திருத்துக. உற்பத்தியில் ஈடுபடும் பழகுநருக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சங்க உரிமையும் வழங்குக. ஐடிஐ-களில் ஆசிரியர் காலியிடங்களை நிரப்பி, இன்றைய வாகனங்களைப் பயிற்சிக் கூடத்துக்குக் கொண்டுவருக. இவை நம் கோரிக்கைப் பட்டியலின் அடிவரிசையில் கிடக்க வேண்டியவை அல்ல. ஸ்பேனர் பிடித்த கை எவருடையதாயினும், அது உழைக்கும் கையே.