புட்டியில் இருந்தது என்ன?

மரைன் ஹில்லில் இருந்து பீனிக்ஸ் பே துறைமுகத்தைப் பார்த்தபடி டீ குடிக்கும் நம்மவர்களிடையே 2024 நவம்பருக்குப் பிறகு ஒரு பேச்சு அடிபடுகிறது. பாரன் தீவுக்கு அருகே கடலோரக் காவல் படை விமானத்தின் கண்ணில் பட்ட மியான்மர் மீன்பிடிப் படகைப் பற்றிய பேச்சு அது. படகில் இருந்தவர்கள் ஆறு பேர். சரக்கோ, சுமார் 6000 கிலோ மெத்தாம்பெட்டமைன்! "சாராயமா, கஞ்சாவா? மாத்திரைதானே அண்ணே" என்று இளவட்டங்கள் சொல்லக் கேட்டோம். அந்தத் 'தானே'யைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மூளையின் அடித்தண்டிலிருந்து செரடோனின் என்ற ரசாயனத்தை ஏந்திய மெல்லிய நரம்பிழைகள் மூளை முழுவதும் ஓடுகின்றன. தூக்கம், பசி, மனநிலை எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. 'எக்ஸ்டஸி' என்று விற்கப்படும் எம்.டி.எம்.ஏ. இழைகளின் நுனிக்குள் புகுந்து கையிருப்பை ஒரே மூச்சில் கொட்டச் செய்கிறது. சம்பளம் முழுவதையும் முதல் தேதி இரவே தொலைத்தவனின் நிலைதான் அடுத்த சில நாட்கள்.

கையிருப்போடு போவதில்லை, இழைகளே பழுதாகலாம். அமெரிக்காவில் குரங்குகளுக்கு நான்கு நாள் இதைக் கொடுத்தார்கள். ஏழாண்டு கழித்தும் மூளையின் மேற்பரப்பில் இழைகள் குறைவாகவே இருந்ததை 1999-ல் வெளியிட்டார்கள். குரங்குக்குக் கொடுத்த அளவு மிக அதிகம் என்போர் உண்டு, நியாயமான வாதமே. பழக்கத்தை விட்ட மனிதரிடம் ஓரளவு மீட்சி தெரிவதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் உடல் சூடு ஏறினால் சேதமும் ஏறும் என்று எலிகளில் கண்டிருக்கிறார்கள். நமது தீவின் புழுக்கத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு கதையும் உண்டு. அதே ஆராய்ச்சிக் குழு, ஒரே இரவு எம்.டி.எம்.ஏ. எடுத்தாலே டோபமைன் இழைகளும் சிதையக்கூடும் என்று 2002-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது. உலகமே அதிர்ந்தது. மறு ஆண்டே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். புட்டியில் இருந்தது மெத்தாம்பெட்டமைனாம், லேபிள் மாறிவிட்டதாம்! பயமுறுத்த நினைப்போர் இதை மறைப்பதும், விற்க நினைப்போர் இதையே காட்டி "எல்லாம் புரளி" என்பதும் ஒரே தவறு. மெத்தாம்பெட்டமைன் டோபமைன் இழைகளைத் தாக்கியது என்பது அங்கேயே தெரிந்துவிட்டதே.

ஆய்வுக்கூடத்துப் படித்தவர்களுக்கே புட்டியில் இருப்பது தெரியவில்லை. இருட்டில் கைமாறும் பொட்டலத்தில் இருப்பது நம் தம்பிக்கு எப்படித் தெரியும்?

இதைத் தமிழிலும் அச்சிட்டுத் துறைமுகத்திலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் நிர்வாகம் ஒட்டலாமே. போதையிலிருந்து மீள விரும்புவோருக்கு மத்திய அரசு வைத்திருக்கும் இலவசத் தொலைபேசி எண் 14446-ஐ அதில் பெரிய எழுத்தில் போடட்டும்.