வலையின் மேல் பழி

2022 பிப்ரவரியில், கம்போடியாவின் ஸ்டுங் ட்ரெங் மாகாணத்தில் மேக்கொங் ஆற்றங்கரையில் ஓர் ஐராவதி டால்பினின் உடல் ஒதுங்கியது. வயது ஏறத்தாழ 25. லாவோஸ்–கம்போடிய எல்லையில் இருக்கும் ஆழமான மடு ஒன்றில் வாழ்ந்துவந்த கூட்டத்தில் எஞ்சியிருந்த கடைசி உயிர் அது. அந்தச் சாவோடு லாவோஸின் ஆறுகளிலிருந்து டால்பின் இனம் துடைத்தெறியப்பட்டது.

மீன்பிடி வலையில் சிக்கி இறந்தது என்று பதிவு செய்தார்கள். அது உண்மைதான். பல ஆண்டுகளாக மேக்கொங் டால்பின்களை அதிகமாகக் கொன்றுவருபவை செவுள் வலைகளே. ஆனால் ஓர் ஏழை மீனவனின் வலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, அந்த மடுவுக்கு மேல்நீரில் ஓரிரு கிலோமீட்டர் தொலைவில் எழுந்து நிற்கும் அணையைச் சாட்சியாகக்கூட அழைக்காமல் வழக்கை முடிப்பதை ஏற்க முடியாது.

அந்த அணையின் பெயர் டொன் சாகோங். 260 மெகாவாட் திறனுள்ளது. மலேசிய நிறுவனம் ஒன்று லாவோஸ் அரசோடு சேர்ந்து கட்டியது; 2016இல் பணி தொடங்கி 2020இல் மின் உற்பத்திக்கு வந்தது. மேக்கொங்கின் பெரிய அணைகளோடு ஒப்பிட்டால் இது சிறியது. இதன் கொடுமை அளவில் இல்லை, இடத்தில் இருக்கிறது.

லாவோஸின் தென்கோடியில் மேக்கொங் நூற்றுக்கணக்கான திட்டுகளுக்கிடையே கிளை கிளையாகப் பிரிந்து ஓடுகிறது. அப்பகுதிக்கு நாலாயிரம் தீவுகள் என்று பெயர். அங்கே ஆறு கோன் அருவிகளாகப் பாறைகளில் விழுகிறது. காலனியாட்சிக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் படகுகளை மேலே கொண்டுபோக முடியாமல், தீவுகளின் மேல் ரயில் பாதை போட்டே அருவியைக் கடந்தார்கள். மீனால் ரயிலேற முடியாது. அதற்கு இயற்கை ஒரு வழி விட்டிருந்தது: ஹூ சாகோங் என்ற கிளையாறு. பெரிய அருவி இல்லாததால், கோடையில் நீர் வற்றும்போதும் மீன்கள் கூட்டம் கூட்டமாக ஏறிச்செல்லத் தக்க முதன்மையான வழி அதுவே. அணை கட்டத் தேர்ந்தெடுத்ததும் அதைத்தான். பக்கத்துக் கிளைகளை வெட்டி அகலப்படுத்தி மீன்களுக்கு மாற்றுவழி செய்துவிட்டோம் என்றது நிறுவனம். பழைய வழியை அடைக்கும் முன்பே அந்த மாற்றுவழி போதும் என்று நிரூபித்திருக்க வேண்டும். அதுதான் முறை.

கலங்கிய ஆற்றில் டால்பினுக்குக் கண்ணைவிடக் காதே முக்கியம். தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கேட்டே இரை தேடுகிறது. கோடைக்காலம் முழுக்க ஆழமான மடுக்களில்தான் அது தஞ்சம் புகும். அப்படிப்பட்ட மடுவுக்கு மேலே பாறைக்கு வெடிவைத்தார்கள். சூழலியலாளர்கள் இதைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே எச்சரித்தார்கள். மடுவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே டால்பின்கள் இருப்பது கட்டியவர்களுக்குத் தெரியும். 2016 முடியும்போது அவை மூன்றாகக் குறைந்திருந்தன.

அணையே வராமல் போயிருந்தாலும் அவை பிழைத்திருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூச்சு இழுத்துக்கொண்டு கிடப்பவரின் தலைமாட்டில் வெடிவைத்தவன், நோய்தானே கொன்றது என்று கைகழுவ முடியுமா? தெரிந்தே செய்ததால் இது குற்றம். விபத்து என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை.

மேக்கொங்கைப் பகிர்ந்துகொள்ள லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளும் 1995இல் ஓர் ஒப்பந்தம் செய்தன. முதன்மை ஆற்றில் அணை கட்டுமுன் மற்றவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது அது. லாவோஸ் 2013இல் வெறும் தகவல் மட்டும் அனுப்பியது. ஹூ சாகோங் ஒரு கிளைதானே, முதன்மை ஆறு அல்லவே என்பது வாதம். அண்டை நாடுகள் எதிர்த்த பிறகே 2014இல் கலந்தாலோசனைக்கு இணங்கியது. 2015 தொடக்கத்தில் அந்தப் பேச்சு உடன்பாடின்றி முடிந்தது. அடுத்த ஒரு வருடத்தில் வேலை தொடங்கிவிட்டது. கேட்பதுபோல் கேட்டுவிட்டு நினைத்ததைச் செய்வதற்குப் பெயர் கலந்தாலோசனை அல்ல.

லாவோஸ் ஏழை நாடு, மின்சாரம் விற்றுத்தான் முன்னேற வேண்டும் என்பார்கள். அந்த வாதத்தை நாம் அலட்சியப்படுத்தவில்லை. வறுமையிலிருந்து மீள அந்த மக்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் வேறு வழியே இல்லை என்பது பொய். கோன் அருவிகளில் ஒன்றான கோன் பாபெங்கின் நீரில் ஒரு பகுதியை மட்டும் திருப்பி, ஆற்றின் குறுக்கே அணை கட்டாமல் மின்சாரம் எடுக்கும் தாக்கோ திட்டம் முன்மொழியப்பட்டிருந்தது. அதில் கிடைக்கும் மின்சாரம் குறைவு. அந்தக் குறைவைப் பொறுத்துக்கொள்ள மனமில்லாமல் ஆற்றின் கதவையே அடைத்தார்கள். அடைபட்ட வழியில் டால்பின் மட்டுமா தவிக்கிறது? மேலே ஏறும் மீனை நம்பி வலைவீசும் குடும்பங்களும் அதே ஏழை நாட்டு மக்கள்தானே?

கம்போடியாவின் கையிலும் கறை உண்டு. அணையை எதிர்த்த அதே நாடு இன்று அதன் மின்சாரத்தை வாங்குகிறது. டால்பின் அந்த மண்ணின் மனத்தில் குடியிருக்கும் உயிர். மலைப்பாம்புக்கு மணமுடிக்கப்பட்ட பெண்ணொருத்தி துயரம் தாளாமல் தலையில் கிண்ணத்தோடு ஆற்றில் குதித்தாள், அவளே டால்பினாக மாறினாள், அதனால்தான் அதன் தலை உருண்டை என்று கெமர் மக்கள் கதை சொல்வார்கள். கெமர் ரூஜ் ஆட்சிக் காலத்தில் எண்ணெய்க்காக அவற்றைக் கொன்று குவித்ததும் அதே நாட்டில்தான். 1997இல் சுமார் 200 ஆக இருந்த எண்ணிக்கை 2020இல் 89 ஆனது. இப்போது க்ராட்டியே நகருக்கும் லாவோஸ் எல்லைக்கும் இடைப்பட்ட ஆற்றில் நூறை ஒட்டிய டால்பின்களே உள்ளன. பெட்டை ஒரு பேற்றில் ஒரே குட்டிதான் ஈனும். அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். இந்தக் கணக்கில் ஒவ்வொரு சாவும் பெரிய இழப்பு.

அந்த ஆற்றின் குறுக்கே, க்ராட்டியேவுக்குச் சற்று மேலே, சம்போரில் 2,600 மெகாவாட் அணை கட்டும் திட்டம் ஒன்று உண்டு. கட்டினால் மிச்சமிருக்கும் டால்பின்களின் வீடு அணைச் சுவரும் தேங்கிய நீருமாகிவிடும். 2020இல் கம்போடிய அரசு மேக்கொங்கின் முதன்மை ஆற்றில் பத்தாண்டுகளுக்குப் புதிய அணை கிடையாது என்று அறிவித்தது. 2022 டிசம்பரில் மூன்று டால்பின்கள் அடுத்தடுத்து இறந்ததும், செவுள் வலைக்குத் தடையுள்ள காப்புப் பகுதிகளுக்கு ஆணையிட்டது. இரண்டும் பாராட்டத்தக்கவை. ஆனால் வலை வீசுபவனுக்கு நிரந்தரத் தடை, அணை கட்டுபவனுக்குத் தவணைத் தடை என்பது நீதியாகாது.

சீனாவின் யாங்சி ஆற்றில் வாழ்ந்த பைஜி டால்பினை 2006இல் ஆய்வாளர்கள் ஆறு வாரம் தேடினார்கள். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அங்கும் வலை, படகுப் போக்குவரத்து, மாசு, அணை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. யாரும் பொறுப்பேற்கவில்லை. மேக்கொங்கிலும் அதுவே நடக்கக் கூடாது.

டொன் சாகோங்கில் மீன்வழிகள் உண்மையில் பயன்படுகின்றனவா என்பதை நிறுவனத்தின் தயவில் இல்லாத ஆய்வாளர்கள் அளந்து வெளியிட லாவோஸ் இடம் தர வேண்டும். மீன்கள் ஏறும் மாதங்களில், மின் உற்பத்தி குறைந்தாலும் பரவாயில்லை, அவ்வழிகளுக்குப் போதிய நீர் விட வேண்டும். கம்போடியா தன் பத்தாண்டுத் தடையை முடிவுத் தேதி இல்லாத சட்டமாக்க வேண்டும். இப்போதைய தடை முடியும் ஆண்டு 2030. இன்று பிறக்கும் குட்டி வளர்ந்து தாயாவதற்குள் அது வந்துவிடும்.