ரெண்டு டிகிரி... எத்தனை தொட்டில்?

'மாப்பிள்ளை எம்.பி.ஏ., பொண்ணு பி.காம்!' - தரகர் இப்படிச் சொன்னா வீட்டுல எல்லோருக்கும் சந்தோஷம். அதையே தலைகீழா மாத்திச் சொல்லிப் பாருங்க. 'அது சரிப்பட்டு வராதுங்க'ன்னு பெருசுங்க துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிடும்!

இந்த டிகிரி கணக்கு கல்யாண மண்டபத்தோட முடியறதில்லை ஃப்ரெண்ட்ஸ். அந்த வீட்டுல எத்தனை குழந்தைகள் ஓடி விளையாடும்ங்கிறது வரைக்கும் போகுது.

முதல்ல நம்ம நாட்டுக் கணக்கு. 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியப் பெண் ஒருவர் பெறும் குழந்தைகள் சராசரியாக 2.0. பள்ளிக்கூடப் பக்கமே போகாத பெண்களுக்கு இது 2.8. பிளஸ் டூ அல்லது அதற்கு மேல் படித்தவர்களுக்கு 1.8. கிட்டத்தட்ட ஒரு குழந்தை வித்தியாசம்!

ஏன்? படிச்ச பொண்ணுங்களுக்குக் குழந்தைன்னா பிடிக்காதா? அட, அதெல்லாம் இல்லை பாஸ். படிக்கிற வருஷம் கூடக்கூட கல்யாணம் தள்ளிப் போகுது. தடுப்பூசி, சுத்தமான தண்ணி, டாக்டர்னு அம்மாவுக்கு விவரம் தெரியறதால பிறந்த பிள்ளை பிழைக்குது. 'ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கட்டும்'ங்கிற பயம் போயிடுது. எல்லாத்துக்கும் மேல, 'போதும்'னு புருஷன்கிட்டயும் மாமியார்கிட்டயும் சொல்ற தைரியம் வருது.

சரி, அப்பாவோட படிப்பு? அது ரெண்டு பக்கமும் இழுக்கும். நல்ல சம்பளம்னா இன்னொரு பிள்ளையை வளர்க்க வசதி வருது. அதே அப்பாதான் 'ஒண்ணே ஒண்ணு பெத்தாலும் பெரிய ஸ்கூல்ல போடணும்'னும் சொல்றார்!

அப்போ, 'படிப்பு ஏறினா பிள்ளை இறங்கும்' - இதான் ஃபார்முலாவா? அவசரப்படாதீங்க.

ஐரோப்பிய ஜோடிகளை வைத்து நடாலி நிட்ஷேவும் மூன்று ஆய்வாளர்களும் 2018-ல் 'டெமோகிராஃபி' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கணவன், மனைவி ரெண்டு பேருமே பட்டதாரிகளாக இருக்கும் ஜோடிகள் முதல் குழந்தையை ரொம்பவே தள்ளிப் போடுகிறார்கள். ஆனால், முதல் குழந்தை பிறந்த பிறகு, இரண்டாவது, மூன்றாவது பெற்றுக்கொள்வதில் பெரும்பாலான இடங்களில் அவர்கள்தான் முந்துகிறார்கள்! ஒருத்தர் மட்டும் பட்டதாரியாக இருக்கும் ஜோடிகள் அவர்களுக்குப் பின்னால்தான்.

ரெண்டு சம்பளம் ஒரு காரணமா இருக்கலாம். இன்னொண்ணு, சரிசமமா படிச்ச ஜோடி வீட்டு வேலையையும் ஓரளவு பங்கு போட்டுக்கறது. 'பாப்பாவை நான் பார்த்துக்கறேன், நீ ஆபீஸ் கிளம்பு'ன்னு சொல்ல ஆள் இருந்தா, இன்னொரு பாப்பாவைப் பத்தி யோசிக்க அந்தப் பொண்ணுக்குத் தெம்பு வரும்தானே?

நம்ம ஊரு இங்கேதான் உதைக்குது. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் 81.2 சதவிகிதம். ஆண்கள் 26.1 சதவிகிதம்தான். அந்த 26 பேரும்கூட சராசரியா 97 நிமிஷம் செஞ்சாங்க. பெண்களுக்கோ 299 நிமிஷம்!

இன்னொரு பக்கம், 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் கல்லூரிச் சேர்க்கை விகிதம் பெண்களுக்கு 28.5; ஆண்களுக்கு 28.3. பொண்ணுங்க தாண்டிட்டாங்க! 'பையன் ஒரு டிகிரியாவது கூடப் படிச்சிருக்கணும்'ங்கிற பெருசுகளோட சட்டம் இனிமே கணக்குக்கே ஒத்து வராது. தமிழ்நாட்டில் 2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.3 குழந்தைகள்தான். மக்கள்தொகை குறையாம இருக்க 2.1 வேணும்.

உடனே 'பொண்ணுங்க படிச்சதாலதான் இப்படி'ன்னு யாராவது ஆரம்பிப்பாங்க. அவங்ககிட்ட ஐரோப்பாக் கதையைச் சொல்லுங்க. ஒண்ணோ, ரெண்டோ, வேண்டாமோ... அது அந்த ரெண்டு பேரோட முடிவு. ஆனா, ஆசைப்பட்ட குழந்தையை வேலைப்பளுவுக்குப் பயந்து ஒருத்தி வேண்டாம்னு சொன்னா, அது முடிவு இல்லை, நிர்ப்பந்தம்.

அதனால கேர்ள்ஸ், ஜாதகத்தோட வர்ற மாப்பிள்ளைகிட்ட மார்க் ஷீட்டை மட்டும் பார்க்காதீங்க. 'குக்கர் வைக்கத் தெரியுமா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

பசங்களா... இன்னும் டைம் இருக்கு. ஹாஸ்டல் ரூம்லயே ஆரம்பிங்க!